உங்கட டிரெயில், எங்க பாதை

போன மாதம் எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. ‘கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய 10 ஹைக்கிங் இடங்கள்’. அதற்குக் கீழே என் நண்பி ஒருத்தி எழுதியிருந்தாள்: “மச்சி, ஏழாவது இடம் உங்கட பக்கம்தானே? லோங் வீக்கெண்டுக்குப் போவமா?”

திறந்து பார்த்தேன். அலகல்ல, பத்தலேகல, ஹந்தானை, தியலும என்று எல்லாப் பட்டியலிலும் வருகிற பெயர்கள்தான். ஏழாவது படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது எங்க தோட்டத்து ஆறாம் நம்பர் மலை. அம்மா கொழுந்தெடுக்கிற மலை. படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிகிற தகரக்கூரை எங்க பணிய லயம்.

கீழே விபரம் போட்டிருந்தார்கள். மறைந்திருக்கும் சொர்க்கம். தூரம்: 4 கிலோமீற்றர். கடினம்: நடுத்தரம். மேலே இயற்கையான குளம், குளிக்க மாற்றுடுப்பு கொண்டு போகவும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போகவும். ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியான இடம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்த நாளிலிருந்து, ஊர் எது என்று கேட்டால் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறவள் நான். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்து வரும் ‘அது எங்க?’வுக்குப் பதில் சொல்ல அலுப்பு. இப்போது அதே இடம் கொழும்பு ஆட்கள் போட்ட பட்டியலில்! ஒரு ஹார்ட் போட்டேன். தம்பிக்கும் அனுப்பினேன். அவன் ஒரு வரியில் பதில் போட்டான்:

“அக்கா, அது நம்ம குடிக்கிற தண்ணி.”

அந்த வரிதான் இதை எழுத வைத்தது. தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இதுவும் இன்னொரு லொக்கேஷன் ஆகிவிடும். கினிகத்தேனைக்கு அங்கிட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளம்

அந்த ‘இயற்கையான குளம்’ என்னவென்று சொல்கிறேன். பாறையிலிருந்து விழுகிற தண்ணி தேங்கி நிற்கிற ஒரு சின்னப் பள்ளம். அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு சீமெந்துத் தொட்டி. வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் செய்து, சீமெந்து மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் எங்க ஆட்கள் கட்டியது. தொட்டியிலிருந்து ஒரு கறுப்பு பைப் தேயிலைக்கு நடுவால் இறங்கி மூன்று லயத்துக்கும் வருகிறது. குடிக்க, சமைக்க, பிள்ளைக்குப் பால்மா கரைக்க எல்லாம் அதுதான். வேறு தண்ணி இல்லை.

பட்டியல் எனக்குத்தான் புதுசு. தோட்டத்துக்கு அது வந்து நாலு மாதம் ஆகிறதாம். சனி ஞாயிறு என்றால் வேன் வருகிறது. குளத்தில் இறங்கி ஷாம்பு போட்டுக் குளிக்கிறார்கள். பின்னேரம் லயத்தில் பைப்பைத் திறந்தால் நுரை வருகிறது. திங்கட்கிழமை காலையில் இரண்டு பேர் மேலே ஏறித் தொட்டியை இறைத்துக் கழுவ வேண்டும். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு அவர்களுக்கு அரைப்பேர்தான். ‘பேர்’ என்றால் எங்க பேச்சில் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். 2021இல் ஆயிரம் ரூபா ஆவதற்கு எவ்வளவு போராட்டம் நடந்தது, 2024இல் அது 1,350 ஆவதற்கு எவ்வளவு இழுபறி என்று பேப்பர் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தச் சம்பளத்தில் பாதியை விட்டுத்தான் உங்கள் ஷாம்பு நுரையைக் கழுவுகிறார்கள்.

தோட்டத்துப் பொடியன்கள் ஒரு தகரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தார்கள்: ‘இது குடிதண்ணீர். குளிக்க வேண்டாம்.’ அடுத்த வாரமே அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த செல்ஃபி ஒன்று முகநூலில் வந்தது.

எனக்கு லிங்க் வந்த கிழமை, பட்டியல் போட்டவர்களுக்குத் தம்பி ஆட்கள் இன்பொக்ஸில் எழுதினார்கள். பதில் வரவில்லை. ஆனால் பட்டியலைத் திருத்தினார்கள். ஏழாவது இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘ஊர்க்காரர்கள் ஆட்சேபிக்கலாம். காலை ஏழு மணிக்கு முன் போவது நல்லது.’

ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதியவர்கள் ஆட்கள் இருப்பதை ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எந்த இடத்தில்? அட்டைக்குக் கீழே. கவனமாக இருக்க வேண்டியவற்றின் வரிசையில்.

ஏழு மணிக்கு முன்

ஏழு மணிக்கு முன் அந்தப் பாதையில் என்ன இருக்கும் என்று பட்டியல்காரர்களுக்குத் தெரியாது. பீலி இருக்கும். பாதை திரும்புகிற இடத்தில்தான் பீலியடி. பெரட்டுக்குப் போக முன் எங்க பெண்கள் குளிப்பது அங்கேதான். லயத்துக் காம்பரா ஒன்றுக்குள் குளியலறை எங்கே கட்டுவது? நானும் அந்தப் பீலியில் குளித்து வளர்ந்தவள். அந்த நேரத்தில் ஆம்பிளைகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். சுவரும் கதவும் இல்லாத இடத்தில் இந்த ஒரு வழக்கம்தான் கதவு.

இரண்டு கிழமைக்கு முன் வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை விடியக்காலை. நாங்கள் ஏழெட்டுப் பேர் பீலியடியில். மேலே ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம். யாரோ “குளவி!” என்று கத்தினார்கள். தோட்டத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் நின்று யோசிக்கமாட்டார்கள். குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். சவர்க்காரம், வாளி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஈரப் பாவாடையோடு ஓடினோம். ஒரு அக்கா கல்லில் வழுக்கி விழுந்து முழங்கால் உரிந்தது. லயத்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் குளவியில்லை. ட்ரோன் கெமரா. சாவகாசமாக ஒரு வட்டம் அடித்துவிட்டு மேலே போனது.

அந்த வீடியோவில் நாங்கள் இருக்கிறோமா என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதை எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே ஆள் இருக்கலாம் என்ற நினைப்பே அவர்களுக்கு வந்திருக்காது. அவர்கள் வாசித்தது ‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்றுதானே?

கடினம்: நடுத்தரம்

இந்த நாலு கிலோமீற்றருக்கு வருவோம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து ஸ்டோர் வரைக்கும் ஏதோ ஒரு ரோடு இருக்கிறது. அதற்கு மேலே கல்லும் கானும்தான். பட்டியலில் இதற்கு ‘கரடுமுரடான இயற்கைப் பாதை’ என்று பெயர். 1990க்குப் போன் பண்ணினால் அம்புலன்ஸ் ஸ்டோர் வரை வரும். அதற்கு மேலே நோயாளியைக் கதிரையில் வைத்துக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். என் தம்பி பிறந்தபோது அம்மாவை அப்படித்தான் இறக்கினார்கள். மழை பெய்தால் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் இறங்குவார்கள். கொழுந்துப் பாரத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மா இதே பாதையால் மடுவத்துக்கு இறங்குவது நடுத்தரமா கடினமா என்று நான் கேட்டதில்லை.

ஏன் ரோடு இல்லை? தோட்டத்துக்குள் நடப்பது கம்பனியின் பொறுப்பு என்று அரசாங்கம் சொல்லும், அரசாங்கத்தின் பொறுப்பு என்று கம்பனி சொல்லும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். எங்க ஆட்கள் வோட்டுப் போடலாம், மெம்பரைத் தெரிவு செய்யலாம். அந்த மெம்பர் எங்க லயத்து வாசலுக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, பாதை அப்படியே கிடக்கிறது.

அந்த ரோடு ஒழுங்காகப் போட்டிருந்தால் ஏழாவது இடம் இந்தப் பட்டியலில் வந்திருக்குமா? வந்திராது. பஸ் போகிற இடத்தை யாரும் மறைந்திருக்கும் சொர்க்கம் என்று எழுதுவதில்லை. எங்களுக்கு வராத ரோடுதான் அவர்களுக்கு டிரெயில். இதைச் சொன்னால் ‘எல்லாத்துலயும் அரசியல் பேசுறியே’ என்கிறார்கள். அந்தக் கல்லை அரசியல்தான் அங்கே விட்டுவைத்திருக்கிறது. நான் புதுசாகக் கொண்டுவந்து போடவில்லை.

பட்டியல்களில் வழக்கமாக வருகிற இன்னொரு புத்திமதி: ‘நல்ல மழைக்குப் பிறகு போனால் நீர்வீழ்ச்சி அழகாக இருக்கும்.’ தியலுமவுக்கு இப்படி எழுதாத பட்டியலே இல்லை. தியலும இருப்பது கொஸ்லந்தையில். அதே கொஸ்லந்தையில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மழைக்குப் பிறகு, மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. அது ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். அந்தப் பக்கத்து நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் மீரியபெத்தை என்ற பெயரையும் ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

யார் வெட்டிய பாதை

மலைநாட்டில் நீங்கள் ‘கண்டுபிடிக்கிற’ ஒவ்வொரு பாதையும் யாரோ வெட்டியது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பாடசாலைப் புத்தகத்தில் படித்தோம். 19 ஏக்கரை டெய்லர் தனியாகவா வெட்டினார்? அப்புத்தளைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு ‘லிப்டன்ஸ் சீட்’ என்று பெயர் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. உட்கார்ந்தவரின் பெயர் நின்றது. அங்கே போகிற பாதைக்குக் கல் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

இப்போது பீக்கோ டிரெயில் வந்திருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 22 கட்டங்களாகப் பிரித்த, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை. பழைய தேயிலைப் பாதைகளைச் சேர்த்துத்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். அடையாளம் வைத்து, வரைபடம் போட்டு, எங்கே போகலாம் என்று தெளிவாகச் சொல்கிற ஒரு பாதை, கண்ட இடத்தில் பின் குத்துகிற அநாமதேயப் பட்டியல்களைவிட எவ்வளவோ மேல். ஆனால் ‘தேயிலையின் பாரம்பரியம்’ என்று வருகிற விளம்பரங்களைப் பாருங்கள். தேயிலை தானாக நடந்து ஸ்டோருக்குப் போனது போல இருக்கும். சிரிக்கிற முகத்தோடு கூடை மாட்டிய ஒரு பெண்ணின் படம் இருக்கும். அவர் பெயர் இருக்காது.

நடப்பதைப் பற்றிப் பேசுவதென்றால் இன்னொரு நடையையும் பேச வேண்டும். எங்க ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு நடந்து போனார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் காட்டுக்குள்ளால் நடந்து வந்து, வழியிலேயே செத்துப்போனவர்களின் பாதை அது. எங்க தோட்டத்திலிருந்தும் கடைசி நாளுக்கு ஆட்கள் போனார்கள். காணியும் வீடும் சம்பளமும் கேட்டு நடந்த அந்த நடையை எந்த ஹைக்கிங் பக்கமும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை. அதில் குளிக்கக் குளம் இல்லைதான்.

‘உங்களுக்கும் காசு வருந்தானே?’

இதைச் சொன்னவுடன் வருகிற பதில் எனக்குத் தெரியும். சுற்றுலா வந்தால் தோட்டத்து ஆட்களுக்கும் வருமானம் வருந்தானே?

சில இடங்களில் வருகிறது. எல்லவிலும் அப்புத்தளையிலும் ஓட்டோ ஓட்டுகிற, கைடாகப் போகிற எங்க பொடியன்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம். எங்க தோட்டத்தில் என்ன நடக்கிறது? வேன் கொழும்பிலிருந்து வருகிறது. சாப்பாட்டுப் பார்சல் அவிசாவளையில் வாங்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய காசு கொழும்பில். நாலு மாதத்தில் எங்க தோட்டத்துக் கடையில் விற்றது தண்ணிப் போத்தலும் பிஸ்கட்டும். தண்ணிப் போத்தல்! எங்க தண்ணியில் குளித்துவிட்டுக் குடிக்கப் போத்தல் வாங்குகிறார்கள்.

நாங்களே ஏதாவது தொடங்கலாமே என்றால், எங்கே தொடங்குவது? பெருந்தோட்டங்கள் அரச காணி. 1992இலிருந்து கம்பனிகள் நடத்துகின்றன. நாலு தலைமுறை இருந்த லயக்காம்பரா எங்கள் பெயரில் இல்லை. வாசலில் ஒரு பத்தி இறக்குவதற்கும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். 7 பேர்ச் காணி என்று 2015இலிருந்து கேட்கிறோம். கிடைத்தவர்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் மிச்சம். துரை பங்களா ஹோட்டல் ஆகலாம். லயத்தில் ‘அறை வாடகைக்கு’ என்று போர்ட் மாட்ட முடியாது. காணி இல்லாதவனிடம் சுற்றுலாவால் முன்னேறு என்று சொல்வது, கயிறில்லாத வாளியைக் கொடுத்துக் கிணத்தைக் காட்டுகிற மாதிரி.

அடுத்த கேள்வி: அப்போ யாருமே வரக்கூடாதா, கேட்டைப் போட்டு மூடுவதா?

அப்படி நான் சொல்லவேயில்லை. சிவனொளிபாதமலைக்கு ஒவ்வொரு சீசனிலும், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும், லட்சக்கணக்கான ஆட்கள் மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். ஏறத் தொடங்குகிற இடத்தின் பெயரே நல்லதண்ணி. அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. எதிரே இறங்கி வருகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும் ‘கருணாவாய்’ என்று சொல்வார்கள். எதிரே ஒரு மனிதர் வருகிறார் என்பதை அந்தப் பாதை ஏற்றுக்கொள்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

நானும் சுத்தமில்லை. இரண்டாம் வருடத்தில் பெட்ச் ட்ரிப் மீமுரேக்குப் போனோம். ஓடையைக் கண்டதும் முதலில் குதித்தவர்களில் நானும் ஒருத்தி. கீழே யார் அந்தத் தண்ணியை எடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தொட்டி கழுவுகிற வீட்டில் வளர்ந்த எனக்கே தோன்றவில்லை. வெளியூர் போனால் எல்லாரும் கொழும்பு ஆட்கள் ஆகிவிடுகிறோம் போல.

அதனால் இது கொழும்புக்கு மட்டும் எழுதுவதில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வெள்ளவத்தை எங்கேயிருந்து வந்தாலும், தமிழில் பட்டியல் போட்டாலும் சிங்களத்தில் போட்டாலும், இதைச் செய்யுங்கள்.

தோட்டத்துக்குள் எந்தத் தண்ணியிலும் இறங்க முன், பைப் எங்கே போகிறது என்று ஒரு ஆளிடம் கேளுங்கள். ஆளைக் காணவில்லை என்றால் இறங்காதீர்கள். லயத்துக்கு மேலே ட்ரோன் விடாதீர்கள். கொழுந்தெடுக்கிறவரைப் படமெடுக்க முன் பெயரைக் கேளுங்கள். பெயர் கேட்கக் கூச்சமாக இருந்தால் படமும் வேண்டாம். வழிகாட்ட லயத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேருக்குக் குறையாமல் கொடுங்கள். ஒரு இடத்தைப் பட்டியலில் போட முன் அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்; எத்தனை மணிக்குப் போனால் மாட்டமாட்டோம் என்று எழுதாதீர்கள். கரடுமுரடான பாதை என்று எழுதுகிற கையால், இந்தப் பாதையை ஏன் இன்னும் போடவில்லை என்று பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். எங்க ஆட்கள் எழுதிய கடிதங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. உங்கள் கடிதத்துக்கு வேகம் அதிகமாக இருக்கலாம்.

நண்பிக்கு நான் இரண்டு கிழமையாகப் பதில் போடவில்லை. அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ‘உங்கட பக்கம்’ என்று சொன்னாளே, அதுவே பெரிய விஷயம். நேற்றிரவு எழுதினேன்:

“வா மச்சி. ஆனா ஏழாவது இடத்துக்கு இல்ல, எங்க வீட்டுக்கு வா. ஹட்டன் பஸ்ஸில் ஏறிச் சந்தியில இறங்கு, நான் வந்து நிக்கிறேன். நாலு கிலோமீற்றர் நடக்கணும், சப்பாத்து நல்லதா போட்டுக்க. அம்மா ரொட்டி சுட்டு சம்பல் அரைச்சு வைப்பாங்க. குளிக்கிறதுக்குப் பீலி இருக்கு, பொம்பளைங்க போற நேரத்துல நம்மளும் போவம். மேல தொட்டிக்கும் கூட்டிட்டுப் போறேன். திங்கட்கிழமை வரைக்கும் நிக்க ஏலுமா? கழுவ ஆள் வேணும்.”